அப்பத்தாவின் ‘ஒமேகா’

அத்தை பீரோவுக்குள் கையை விட்டு ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து நீட்டினார். “உங்க அப்பத்தா வாட்ச்சு. ஒமேகா. தங்கம். நீதான் கண்டதையும் கழட்டிப் போட்டுப் பாக்குறவளாச்சே, ஓடுதான்னு பாரு. ஓடலைன்னா திருப்பிக் குடுத்துரு, உருக்கி ஒரு மோதிரமாவது போட்டுக்கலாம்.” ஆக, எனக்குக் கிடைத்த தகவல் மூன்று: அது ஒமேகா (ஸ்விட்சர்லாந்தின் பேர்போன வாட்ச் கம்பெனி), அது தங்கம், அது ஓடக்கூடும். மூன்றில் கடைசி ஒன்றுதான் உண்மை என்று தெரிய ஏழு வாரம் ஆனது.

கூட்டுக்குள் பஞ்சில் சுற்றி இருந்தது. பெரிய புளியங்கொட்டையை நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் மொத்த வாட்ச். மூலை மழுங்கிய நீள்சதுரம். வெள்ளியாக இருந்திருக்க வேண்டிய டயல் டீக்கறை நிறத்துக்கு வந்திருந்தது. 12, 3, 6, 9 மட்டும் எண்கள், மற்றதெல்லாம் கோடு. இரண்டே முள், வினாடி முள் கிடையாது. கண்ணாடி முழுக்கக் கீறல், அரிசி களைந்த தண்ணீருக்குள் பார்ப்பதுபோல உள்ளே மங்கலாகத் தெரிந்தது. செயின் அந்தக் காலத்து ஸ்பிரிங் செயின், இழுத்தால் நீண்டு கையோடு ரோமத்தையும் பிடுங்குமே, அது. பாதி இணைப்புகளில் துரு. சாவியைத் திருகினால் திரும்பவில்லை.

“அளவுக்கு மேல சாவி குடுத்து ஸ்பிரிங் இறுகிப்போச்சுன்னு அப்பவே சொன்னாக” என்றார் அத்தை. சாவி கொடுக்கும் வாட்ச் எந்த வீட்டில் நின்றுபோனாலும் இதுதான் காரணமாகச் சொல்லப்படும். உண்மையில் ஸ்பிரிங் முழுக்கச் சுற்றிய பிறகு மேலும் சுற்ற இடமே இல்லை. பலத்தைக் காட்டினால் ஏதாவது ஒடியும், ‘இறுகிப்போவது’ என்று ஒன்று கிடையாது. முழுச் சாவியோடு ஒரு வாட்ச் நிற்கிறதென்றால், ஸ்பிரிங்கில் பலம் இருக்கிறது, ஆனால் அதை வாங்கி ஓட வேண்டிய சக்கரங்களில் எண்ணெய் காய்ந்து பிசினாகிவிட்டது என்று அர்த்தம். எனக்கு அது நல்ல சேதிதான். உடைந்ததைவிட அழுக்கேறியது தேவலை.

வாட்ச் வந்த கதை வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஐயா, அதாவது அப்பத்தாவின் கணவர், பினாங்கில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். ரஜூலா கப்பலில் ஊருக்கு வரும்போது வாங்கி வந்தது. அப்போது இந்தியாவில் கைக்கடிகாரம் என்றாலே பெரும்பாலும் இறக்குமதிதான். பெங்களூரில் எச்எம்டி, ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து 1961இல்தான் வாட்ச் செய்யத் தொடங்கியது. பெண்களுக்கென்று அவர்கள் போட்ட சுஜாதா வாட்ச் நம் டீச்சர்கள் கைக்கு வந்தது அதற்கும் பிறகு. அப்பத்தாவும் டீச்சர்தான், சிவகங்கைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில். “பினாங்கு வாட்ச் டீச்சர்” என்று ஊரில் ஒரு பெயர்கூட இருந்ததாம்.

முதல் வேலை, வெளியே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது. டயலில் 12க்குக் கீழே இருந்த பெயரில் கடைசி இரண்டு எழுத்து மட்டும் மிச்சம். ஆங்கிலப் பெரிய எழுத்தில் ‘ஜி’, ‘ஏ’. ஒமேகா அதிலிருந்து வந்ததுதான், அத்தை ஒன்றும் கற்பனை செய்யவில்லை. நானும் முதல் நாள் நம்பினேன். 6க்குக் கீழே விளிம்பை ஒட்டி ‘ஸ்விஸ் மேட்’ என்று பொடி எழுத்து. அவ்வளவுதான்.

பின்பக்கம் ஒரு நீளமான வாசகம் வளைத்து எழுதியிருந்தது, ‘ஃபோன் அசியே இனோக்சிடாப்ல்’. ஆகா, கம்பெனிப் பெயர் கிடைத்துவிட்டது என்று குதித்தேன். அரை மணி நேரம் தேடினேன். அப்புறம்தான் புரிந்தது, அது பிரெஞ்சு. ‘பின்மூடி துருப்பிடிக்காத எஃகு’ என்று அர்த்தம். பழைய ஸ்விஸ் வாட்ச்சைக் கையில் எடுக்கிற பலரும் முதலில் விழுகிற பள்ளம் இது என்று பிறகு தெரிந்துகொண்டேன். நல்ல வேளை, வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

பின்மூடி எஃகு என்றால் தங்கம் எங்கே? மேல்பாதி மஞ்சளாகத்தான் இருந்தது. அசல் 18 காரட் ஸ்விஸ் பெட்டி (வாட்ச்சின் வெளிக்கூடு) என்றால் உள்ளே 18கே அல்லது 0.750 என்று இருக்கும், கூடவே ஹெல்வெட்டியா என்கிற பெண்தலை முத்திரை குண்டூசித் தலை அளவில் குத்தியிருப்பார்கள். லென்ஸை வைத்துக்கொண்டு எல்லா மூலையும் தேடினேன். பெண்தலை இல்லை. ஸ்ட்ராப் மாட்டும் கால்களுக்கு நடுவே, அழுக்கை ஊசியால் எடுத்த பிறகு, ‘பிளாக்கே ஓர்’ என்றும் பக்கத்தில் 20 என்றும் தெரிந்தது. 20 மைக்ரான் தங்க முலாம். ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. தலைமுடியே இதைவிடத் தடிமன்.

அத்தையிடம் போனில் சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை. ஆசாரி ஒருத்தர் அந்தக் காலத்தில் கல்லில் உரசிப் பார்த்து, தங்கம்தான் என்று சொன்னாராம். அவர் சொன்னதும் சரிதான், மேலே இருப்பது தங்கம்தானே, உரைகல்லில் தங்கம்தான் விழும். அடியில் என்ன இருக்கிறது என்று கல்லுக்கு எப்படித் தெரியும்? இன்னும் நாலு இழுப்பு இழுத்திருந்தால் பித்தளை வந்திருக்கும்.

பித்தளை ஏற்கெனவே வந்தும் இருந்தது. எனக்கு இந்த வேலையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். சாதாரணமாக முலாம் தேய்வது தோலோடு உரசும் இடங்களில், அதாவது பெட்டியின் அடிப்பக்க விளிம்பிலும் கால்களின் உட்பக்கத்திலும். வியர்வைதான் அதைத் தின்னும். இதில் அந்த இடங்கள் ஓரளவு நன்றாக இருக்க, மேல்விளிம்பும் கால்களின் நுனிமேடும் மஞ்சள் போய்ச் சிவந்து கிடந்தன. கண்ணாடியின் கீறல்களும் எல்லாத் திசையிலும் இல்லை, பெரும்பாலானவை ஒரே பக்கமாக, பக்கத்தில் பக்கத்தில், வைக்கோலைப் படுக்கப்போட்ட மாதிரி. வாட்ச் ஏதோ ஒன்றின் மேல் முகம் கவிழ்ந்து வருடக்கணக்கில் உரசியிருக்கிறது. மேசை மேல் கையை வைத்து நானே செய்து பார்த்தேன். மணிக்கட்டின் மேல்பக்கம் கட்டினால் டயல் மேசையைத் தொடவே தொடாது. உள்பக்கம் கட்டினால், இடது கையால் நோட்டைப் பிடித்துக்கொண்டு வலது கையால் திருத்தும்போது, ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு இழுப்பு.

அத்தையைக் கேட்டேன். “ஆமா, உள்பக்கமாத்தான் கட்டுவாக. உனக்கு யாரு சொன்னா?” என்றார். யாரும் சொல்லவில்லை அத்தை, கண்ணாடி சொன்னது என்று வசனம் பேச ஆசையாக இருந்தது, பேசவில்லை.

சரி, திறக்க வேண்டும். பின்மூடியில் கத்தி நுழைக்க இடம் தேடி ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. பெரிய வாட்ச்களில் பின்மூடி தட்டையான ஒரு மூடி, நெம்பினால் வந்துவிடும். சின்ன லேடீஸ் வாட்ச் பலவற்றில் அப்படி இல்லை. பின்பாதி ஒரு கிண்ணம், மெஷின் அந்தக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும், கண்ணாடியோடு சேர்ந்த மேல்பாதிதான் மூடி. டப்பாவை நான் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அடியைத் திறக்கப் பார்த்திருக்கிறேன். சாவித்தண்டு வெளியே வரும் துளையைக் கவனித்தால் தெரிந்துவிடும்: துளையில் பாதி மேல்மூடியில், பாதி கிண்ணத்தில் வெட்டியிருக்கும். இணைப்பு அங்கேதான் ஓடுகிறது. மழுங்கிய கத்தியை அந்த இணைப்பில், சாவிக்கு எதிர்ப்பக்கம் வைத்து லேசாக முறுக்கினேன். டக். மேல்பாதி கையோடு வந்தது. கத்தி வழுக்கிக் கால் ஒன்றில் சின்னக் கோடு விழுந்தது, அது என் கணக்கு.

இந்த அமைப்பில் ஒரு வசதி உண்டு. தண்டை உருவ வேண்டாம், மெஷினைத் தண்டும் சாவியுமாக அப்படியே தூக்கிவிடலாம். ஒரு குறையும் உண்டு, பாதிப் பாதியாக வெட்டிய அந்தத் துளை வழியாகத் தூசியும் வியர்வையும் தாராளமாக உள்ளே போகும். சாவித்தண்டு அங்கே துருப்பிடித்து ஒட்டியிருந்தது. அத்தை சொன்ன ‘இறுகல்’ பாதி இதுதான். துருவில் எண்ணெய் ஒரு சொட்டை ஊசி முனையால் வைத்து ஒரு ராத்திரி விட்டேன், காலையில் அசைந்தது.

கிண்ணத்தின் உட்புறத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் காட்டினால் பொடிப்பொடியாகக் கீறி எழுதிய எழுத்துகள். ரிப்பேர்காரர்கள் வாட்ச்சை சர்வீஸ் செய்ததும் தங்கள் குறியையும் தேதியையும் உள்ளே கீறி வைப்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம், மறுபடி அதே வாட்ச் வந்தால் எப்போது பார்த்தோம் என்று தெரிய. இதில் மூன்று இருந்தன: 4/63, 11-71, 3.79. மூன்றும் வேறு வேறு கை. கடைசி ஆள் மட்டும் தேதிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறார். 1963 ஏப்ரலில் ஒருவர் சர்வீஸ் செய்திருக்கிறார் என்றால் அதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். அத்தை தான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஐயா வந்ததாகச் சொல்கிறார், கணக்குப் போட்டால் ஒட்டி வருகிறது. வாட்ச்சின் வயதைச் சொல்ல கம்பெனி சீரியல் எண் பட்டியல் எதுவும் எனக்கு உதவவில்லை, முகம் தெரியாத மூன்று ரிப்பேர்காரர்கள்தான் உதவினார்கள்.

இப்போது மெஷின். லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு குனிந்தேன். மேல்தகட்டில் எழுத்து அழியாமல் அப்படியே இருந்தது. ஃபெல்கா. பதினேழு கல் (சக்கரத்தண்டுகளின் முனை சுழல்வதற்கு வைக்கும் பொடிக் கற்கள்). ஸ்விஸ். ‘ஜி ஏ’ இல்லை, ‘சி ஏ’. சியின் வாயில் ஒரு கீறல் விழுந்து ஜி ஆகியிருக்கிறது.

ஃபெல்கா என்ற பெயர் பலருக்குத் தெரியாது. டைட்டோனி என்றால் நம் அப்பாக்கள் தலைமுறைக்கு உடனே தெரியும். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஃப்ரிட்ஸ் ஷ்லூப் என்பவர் 1919இல் ஸ்விட்சர்லாந்தின் கிரென்ஷன் என்ற ஊரில் தொடங்கிய கம்பெனி அது, முதலில் ஃபெல்கா, 1950களில் டைட்டோனி என்ற பெயர் வந்து அதுவே பெரிதாகிவிட்டது. அந்தக் குடும்பம்தான் இன்னும் நடத்துகிறது. ஆசியாவில், முக்கியமாகச் சீனர்கள் வாழும் ஊர்களில், அவர்களுக்கு எப்போதும் நல்ல பெயர். பினாங்கில் ஐயாவின் கைக்கு ஃபெல்கா வந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் டயலில் இருக்கும் பெயர் வேறு, மெஷினின் பிறப்பு வேறு. அந்தக் காலத்தில் பல கம்பெனிகள் மெஷினைத் தாங்களே செய்வதில்லை, மெஷின் செய்வதையே தொழிலாக வைத்திருந்தவர்களிடம் வாங்கி, மெருகேற்றி, தங்கள் பெட்டிக்குள் வைத்து விற்பார்கள். யாருடைய மெஷின், எந்த மாடல் என்பதற்குத்தான் குறியும் காலிபர் எண்ணும். பல மெஷின்களில் அது பேலன்ஸ் சக்கரத்துக்கு (இப்படியும் அப்படியும் ஆடி வாட்ச்சின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது) அடியில், கீழ்த்தகட்டில் ஒளிந்திருக்கும். சக்கரத்தின் ஆரங்களுக்கு நடுவே டார்ச்சை ஒரு பக்கமாகச் சாய்த்து அடித்தபோது கேடயத்துக்குள் ‘ஏ.எஸ்.’ என்ற குறியும் 1012 என்ற எண்ணும் தெரிந்தன. அடோல்ஃப் ஷில்ட் 1896இல் தொடங்கிய ஏ. ஷில்ட் கம்பெனி. அது எந்த ஊர் தெரியுமா? அதே கிரென்ஷன். மெஷின் செய்யும் எட்டா கம்பெனியும் அங்கேதான், எட்டர்னா வாட்ச் கம்பெனியும் அங்கேதான். எட்டர்னாவைத் தொடங்கியவர்களில் ஒருவர் அடோல்ஃபின் அண்ணன் உர்ஸ் ஷில்ட். சிவகாசியில் பட்டாசு மாதிரி அந்த ஊரில் வாட்ச். ஒமேகாவின் பீல் நகரமும் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான், பக்கத்து ஊர். அத்தையிடம் இதைத்தான் முதலில் சொன்னேன், வருத்தம் குறையட்டும் என்று.

1012 ஒரு சாதாரண மெஷின். எந்தெந்த பிராண்டுக்குள்ளோ இதே மெஷின் உட்கார்ந்திருக்கும், லேடீஸ் வாட்ச்சில் அவ்வளவு பரவலானது. அளவு ஐந்தேகால் லீன். லீன் என்பது பிரெஞ்சுக்காரர்களின் பழைய அளவு, ஒன்று 2.256 மில்லிமீட்டர், மெஷின் அளவை இன்றும் அதில்தான் சொல்கிறார்கள். ஸ்கேலை வைத்தால் குறுக்கே 12 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் பதினேழு கல்லும் ஒரு வினாடிக்கு ஐந்து அடி அடிக்கும் பேலன்ஸும். சாதாரண மெஷின் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். சாதாரண மெஷினுக்குத்தான் பழைய உதிரி கிடைக்கும்.

இங்கே நிறுத்தியிருக்கலாம். அப்படியே பொட்டலம் கட்டி ரிப்பேர்காரரிடம் கொடுத்திருக்கலாம். டயலை மட்டும் துடைத்துவிடுவோம் என்று தோன்றியது பாருங்கள்.

முறையாகத்தான் ஆரம்பித்தேன். முதலில் ஸ்பிரிங்கின் பலத்தை இறக்க வேண்டும். சாவியை விரலால் பிடித்துக்கொண்டு, பல்சக்கரத்தைத் தடுத்து நிற்கும் குட்டிக் கொக்கியை ஊசியால் விலக்கி, சாவியை விரலுக்குள் மெல்ல மெல்ல வழுக்கவிட வேண்டும். இதைச் செய்யாமல் உள்ளே கை வைத்தால் சக்கரங்கள் பம்பரமாகச் சுற்றிப் பல் ஒடியும். செய்தேன். டயல் மேல் ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளை வைத்து, இரண்டு பக்கமும் நெம்பி முட்களை எடுத்தேன். மெஷினின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு பொடித் திருகைத் தளர்த்தினால் டயல் கழலும். கழன்றது. இன்னொன்று, எண்களில் இருட்டில் மின்னும் பச்சைப் பூச்சு இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிட்டேன், இல்லை. இருந்தால் இந்தக் காலத்து டயலைச் சுரண்டுவதோ துடைப்பதோ கூடவே கூடாது, 1960கள் வரை அதில் ரேடியம் போட்டிருக்கிறார்கள். மின்னுவது நின்றுபோயிருக்கும், ரேடியம் போயிருக்காது.

அப்புறம் பஞ்சுக்குச்சியை நனைத்து, பிழிந்து, ஒரே ஒரு முறை, 12க்குக் கீழே.

டயலில் அச்சு எழுத்துக்கு மேலே ஒரு வார்னிஷ் இருக்கும், அதுதான் எழுத்தைக் காக்கிறது. அறுபது வருடத்தில் அந்த வார்னிஷ் வெடித்துப் போயிருந்தால் எழுத்து வெறுமனே தகட்டின் மேல் ஒட்டாமல் உட்கார்ந்திருக்கும், ஈரம் பட்டால் எழுந்து வந்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். கண்ணாடி விளிம்புக்கு அடியில் மறையும் ஓரத்தில் முதலில் சோதிக்க வேண்டும் என்பதும் தெரியும். குச்சியைத் தூக்கிப் பார்த்தேன், வெள்ளைப் பஞ்சில் ஒரு கறுப்புக் கீற்று. டயலில் ‘சி’ இல்லை. ‘ஏ’ மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தது, பெயரே இல்லாமல் இனிஷியல் மாதிரி. அந்த இடத்தில் டயலின் நிறமும் ஒரு சுற்று வெளுத்துவிட்டது. ஒமேகாவா ஃபெல்காவா என்ற வழக்கில் வெளியே இருந்த ஒரே சாட்சியை நான் பஞ்சால் துடைத்து எடுத்துவிட்டேன். அந்தக் குச்சியைக் குப்பையில் போட மனசு வரவில்லை, ஒரு சின்ன ஜிப் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

மறுநாள் மதுரைக்குப் பஸ் ஏறினேன். டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு மாடிப்படிக்கு அடியில் மேசை போட்டிருக்கும் பாய், எனக்கு எட்டு வருடப் பழக்கம். கண்ணில் லென்ஸை வைத்தபடியே பேசுவார், நிமிர மாட்டார்.

“ஏஎஸ் மெஷின்தான் பாய்.”

“அது தெரியுது. டயலை யாரு கெடுத்தது?”

“நான்தான்.”

“தண்ணியா?”

“தண்ணிதான்.”

“ம்.” அந்த ஒரு ‘ம்’மில் எல்லாத் திட்டும் இருந்தது. அப்புறம், “டயலைப் புதுசா அடிச்சுத் தரட்டுமா, பம்பாய்க்கு அனுப்பினா பத்து நாள்ல வந்துரும், ஒமேகான்னே போட்டுக் குடுப்பான்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் உண்மை அது. பழைய எச்எம்டியும் ஃபாவ்ர் லூபாவும் இப்படி மறுபெயின்ட் அடித்து, கிளிப்பச்சையிலும் ரத்தச் சிவப்பிலும் இணையத்தில் கிடக்கின்றன. பழைய வாட்ச் சேர்ப்பவர்கள் அவற்றைப் பார்த்தாலே ஓடுவார்கள். எழுத்து சற்றுத் தடித்திருக்கும், கோடுகள் எண்களோடு சேராது, ‘ஸ்விஸ் மேட்’ கோணலாக உட்கார்ந்திருக்கும், கொஞ்சம் பழகினால் கண்டுபிடித்துவிடலாம். வேண்டாம் பாய், டீக்கறையே இருக்கட்டும் என்றேன். ‘ஏ’யும் இருக்கட்டும்.

மெஷினை அவரிடமே விட்டேன். என் கைக்கு அடங்காத வேலை அது. இதன் பேலன்ஸுக்கு அதிர்ச்சி தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு கிடையாது, பேலன்ஸ் தண்டின் முனை மயிரிழை மாதிரி, சின்ன இடி போதும் ஒடிய. பாய் எல்லாவற்றையும் கழற்றி வெள்ளை பெட்ரோலில் போட்டு, ஒவ்வொரு கல்லின் துளையையும் கூர்சீவிய குச்சியால் திருகித் துடைத்தார். அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு பசை வந்தது. காய்ந்த எண்ணெயும் தூசியும்தான், அதில் சாக்பீஸ் எவ்வளவு என்று சொல்ல முடியாது, நான் நிறையவே இருக்கும் என்று வைத்துக்கொண்டேன். மெயின் ஸ்பிரிங் பழைய நீல எஃகு, வெளியே எடுத்ததும் விரிய வேண்டியது அரைகுறையாகச் சுருண்டே கிடந்தது. உயிர் போய்விட்டது என்று அர்த்தம். புதிதாகப் போட வேண்டுமென்றால் உயரம், தடிமன், நீளம் மூன்றும் பொருந்த வேண்டும். பாய் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்து, அதிலிருந்து மடித்த காகிதப் பொட்டலங்களைப் புரட்டி இருபது நிமிடத்தில் ஒன்றை எடுத்தார். சாதாரண மெஷின் என்பதன் அருமை அங்கேதான் தெரிந்தது.

மொத்தம் 1100 ரூபாய் வாங்கினார். பதினைந்து நாள் ஆனது, அதில் பத்து நாள் சும்மா மேசையில் ஓடவிட்டுப் பார்த்தது. ஒரு நாளைக்கு 40 வினாடி வேகமாக ஓடுகிறது, இந்த அளவு மெஷினுக்கு நான் குறையே சொல்ல மாட்டேன். முழுச் சாவி கொடுத்தால் 34 மணி நேரம். பெட்டியை மூடுவதற்கு முன் நான் கேட்டுக்கொண்டபடி தன் குறியையும் தேதியையும் நட்சத்திரக்காரருக்குக் கீழே கீறினார். நான்காவது ஆள்.

கண்ணாடியை நான் வீட்டில் செய்தேன். பிளாஸ்டிக் கண்ணாடிதான், இந்த வடிவத்துக்குப் புதிது கிடைப்பது கஷ்டம். மேல்பாதியை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு (வாட்ச்சுக்குள் இருக்கும்போது ஈர வேலை செய்யாதீர்கள்), முலாம் மேல் உரசாமல் சுற்றிலும் டேப் ஒட்டி, 1000, 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பரை வரிசையாகத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். முதல் தேய்ப்பில் கண்ணாடி பாலாகிவிடும், பயப்பட வேண்டாம். கடைசியில் பிராசோ, பழைய பனியன் துணி. ஒன்றரை மணி நேரத்தில் தெளிந்தது. ஒரே ஒரு ஆழமான கீறல், 9க்குப் பக்கத்தில், அதை எடுக்க வேண்டுமானால் கண்ணாடி மிகவும் மெலிந்துவிடும், அதனால் விட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் எல்லா நோட்டுக் கீறல்களையும் அழிப்பதற்கு எனக்கே ஒரு மாதிரி இருந்தது. பித்தளை தெரிந்த இடங்களை பாலிஷ் பக்கமே கொண்டு போகவில்லை. மறுமுலாம் போட்டால் முத்திரைகளும் விளிம்புகளும் மழுங்கிவிடும்.

மிச்சம் ஸ்ட்ராப். இங்கேதான் நிறையக் காசும் பொறுமையும் போனது. கால்களுக்கு நடுவே இருக்கும் கம்பி கழலாது, பெட்டியோடு பற்றவைத்தது. சாதாரண ஸ்பிரிங் பின் ஸ்ட்ராப் இதில் ஏறாது. அகலமும் 8 மில்லிமீட்டர்தான். முனை திறந்த தோல் ஸ்ட்ராப்பை ஆன்லைனில் வரவழைத்து, கம்பியைச் சுற்றி மடித்துப் பசை போட்டு ஒட்டினேன். கட்டிப் பார்த்தால் வாட்ச்சைவிட ஸ்ட்ராப்தான் தெரிந்தது, பசையும் மே மாத வியர்வையில் ஒரு வாரம் தாங்கவில்லை. அடுத்து ஒரு பட்டுப் புடவையின் கரையில் தைத்துப் பார்த்தேன். படம் எடுக்க அழகாக இருந்தது, நாலாம் நாள் ஊறிப்போன விளக்குத்திரி மாதிரி ஆகிவிட்டது. அதை இனி யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அந்தக் காலத்துப் படங்களைப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. 1950களில் இந்த மாதிரிக் குட்டி வாட்ச்களை வெளிநாட்டில் கறுப்புக் கயிற்றில்தான் நிறையப் பேர் கட்டியிருக்கிறார்கள், இரண்டு இழை உருண்டைக் கயிறு, நுனியில் ஒரு கொக்கி. கறுப்புக் கயிறா? அதற்கு நான் ஏன் ஆன்லைனில் தேட வேண்டும்? காரைக்குடியில் நகைக் கடைகளுக்குப் பக்கத்தில் பாசிமணியும் பவளமும் கோத்துக் கொடுப்பவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படி ஒரு அம்மாவிடம் போனேன். வாட்ச்சைக் கையில் வாங்கி, கம்பியை நகத்தால் தட்டிப் பார்த்து, “இதுல என்ன இருக்கு, பதக்கம் கோக்கிற மாதிரிதானே” என்றார். கறுப்புப் பட்டுநூலைக் கால் கட்டைவிரலில் மாட்டி முறுக்கி, பக்கத்துக்கு இரண்டு இழையாகக் கம்பியில் வளைத்து, வளைவை நூலாலேயே சுற்றி இறுக்கிக் கட்டினார். ஊசி இல்லை, பசை இல்லை. 250 ரூபாய்.

நுனிக்கு எஸ் கொக்கி போட்டுத் தந்தார், அது என் தவறு, நான்தான் கேட்டேன். கழுத்தில் சங்கிலி தொங்கும் எடையில் எஸ் கொக்கி நிற்கும். மணிக்கட்டு மடங்கி நிமிரும்போது தளர்ந்துகொடுத்துவிடும். மூன்றாம் நாள் பஸ்ஸில், கம்பியைப் பிடித்திருந்த கையிலிருந்து வாட்ச் வழுக்கி மடியில் விழுந்தது. மடியில் விழுந்தது. தரையில் விழுந்திருந்தால் அந்த மயிரிழைத் தண்டு கதை முடிந்திருக்கும். திரும்பப் போய் எஸ் கொக்கியை எடுத்துவிட்டு, பழைய மாலைகளில் வருமே, ஒரு உருண்டைக்குள் இன்னொன்று திருகி ஏறும் பூட்டு, அதைப் போட்டுக்கொண்டேன். ஒற்றைக் கையால் மாட்ட வராது. யாரையாவது கூப்பிட வேண்டும், இல்லையென்றால் பல்லால் ஒரு நுனியைக் கடித்துக்கொள்ள வேண்டும்.

கயிற்றில் கட்டியதும் ஒரு வேடிக்கை. மேல்பக்கமாகத்தான் கட்டுகிறேன், கொஞ்ச நேரத்தில் வாட்ச் தானே சுற்றி மணிக்கட்டின் உள்பக்கம் போய் உட்கார்ந்துவிடுகிறது. கயிறு மெலிசு, தலை கனம், அதனால்தான். இரண்டு நாள் திருப்பித் திருப்பி வைத்தேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

போன வாரம் அத்தை வீட்டில் ஒரு வளைகாப்பு. நான் கட்டிக்கொண்டு போயிருந்தேன். அத்தை என் கையைப் பிடித்து உள்பக்கமாகத் திருப்பி, காதருகே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் கேட்டார். அப்புறம் பக்கத்தில் இருந்த சம்பந்தியம்மாவிடம், “எங்க அம்மா வாட்ச்சு. ஒமேகா. பேரு தேஞ்சு போச்சு, பாருங்க, ‘ஏ’ மட்டும் இருக்கு” என்றார். அந்தம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். “ஆமாமா, ஒமேகாதான்” என்றார். நான் வளையல் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.